கீழாநெல்லி: மஞ்சளும் கிருமியும்

கீழாநெல்லியைப் பற்றி நம் கூட்டங்களில் ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பாட்டி வைத்தியம் என்று ஏளனம் செய்யப்பட்ட செடியை 1988இல் 'லான்செட்' இதழே ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்குள் அமெரிக்காக்காரன் காப்புரிமையும் வாங்கிவிட்டான். முசிறியில் நடந்த ஒரு சந்திப்பில் தோழர் ஒருவர் இதைச் சொல்லி முடித்ததும் கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். பஸ் ஏறிய பிறகுதான் சித்தப்பா ஞாபகம் வந்தது.

கதையில் பொய் இல்லை. பாதிதான் இருக்கிறது.

அந்த ஆய்வைச் செய்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர். ஹெபடைடிஸ் பி கிருமியின் அடையாளத்தை ரத்தத்தில் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான பரூக் பிளம்பெர்க்கும் அதில் உண்டு. வெளியே நோய் எதுவும் தெரியாமல் கிருமியைச் சுமந்துகொண்டிருப்பவர்களுக்குச் செடியின் பொடி 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுக்கப்பட்டது. மருந்து தின்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போயிற்று. மருந்தே இல்லாத போலி மாத்திரை தின்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. சாதாரணச் செய்தியல்ல இது.

மேடையில் யாரும் சொல்லாத மீதி இது: 1990இல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1994இல் நியூஸிலாந்தில், அங்கும் இல்லை. 2011இல் காக்ரேன் அமைப்பு எல்லாச் சோதனைகளையும் திரட்டிப் படித்துவிட்டு, நம்பத்தக்க சான்று இல்லை என்றது. ஏன் என்பதற்கு ஊகங்கள் உண்டு. மண் வேறு, பறித்த பருவம் வேறு. செடியே வேறாகவும் இருக்கலாம். தொடக்க ஆய்வுகளில் 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதப்பட்டது பிறகு 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்' ஆயிற்று. நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம்ம வரப்பில் முளைப்பதல்ல. திருச்சி புனித வளனார் கல்லூரியில் கே.எம். மேத்யூ பாதிரியார் உருவாக்கிய ரபினட் ஹெர்பேரியத்தில் ஒவ்வொரு செடியும் பறித்த இடத்தோடும் தேதியோடும் தாளில் ஒட்டிக் கிடக்கிறது. நாட்டு மருந்துக் கடைச் சாக்கில் அந்த விவரம் ஏது? இலைக்கடியில் காய் தொங்கினால் எல்லாமே கீழாநெல்லிதான்.

ஆனால் என் அக்கறை வேறு. அப்பாயி கேட்ட கேள்வியும் ஆய்வகம் கேட்ட கேள்வியும் ஒன்றல்ல. அப்பாயியின் கேள்வி: கண் வெளுக்குமா? ஆய்வகத்தின் கேள்வி: புரதம் மறையுமா? 'காமாலை' என்ற நம் சொல் ஓர் அடையாளத்தைச் சுட்டுகிறதே தவிர ஒரு நோயை அல்ல. கெட்ட தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைகள், ரத்தத்தால் பரவும் பி, சி வகைகள், சாராயம், பித்தப்பைக் கல், எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அதே மஞ்சள்தான். இதில் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். கீழாநெல்லியின் புகழில் எவ்வளவு செடியினுடையது, எவ்வளவு உடம்பினுடையது என்பதைப் போலி மாத்திரையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பிரிக்க முடியாது. ஃபூக்கோவைப் படித்துவிட்டு மருத்துவப் பார்வையை அதிகாரம் என்கிறோம். அதிகாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பார்வை விழாமல் போன உடம்பும் ஒன்று எனக்குத் தெரியும்.

1996இல் சித்தப்பாவுக்குக் காமாலை. எனக்கு ஆறு வயது. வாய்க்கால் கரையிலிருந்து அப்பாயி கீழாநெல்லி பறித்து வந்து மோரில் அரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம். மூன்று வாரத்தில் கண் வெளுத்தது. "எறங்கிருச்சு" என்றார் அப்பாயி. யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. 2011இல் வயிறு வீங்கியபோது திருச்சியில் பார்த்தார்கள்: ஹெபடைடிஸ் பி, ஈரல் சுருங்கிவிட்டது. எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவர்களைத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும், கைக்குழந்தையில் தொற்றினால்தான் தங்கும் என்கிறார்கள். ஒன்றரை வருஷம் இருந்தார். அப்பாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு விடை சரியாகத்தான் வந்தது.

காப்புரிமை பற்றிய நம் கோபம் நியாயமானது. 1995இல் அமெரிக்காவில் மஞ்சளுக்குக் கொடுத்த உரிமையை 1997இல் ரத்து செய்ய வைத்தோம். ஆனால் 'யாருடைய அறிவு' என்பது ஒரு வழக்கு, 'பலிக்குமா' என்பது இன்னொரு வழக்கு. தெற்கு ஆப்பிரிக்காவின் சான் மக்கள் நெடுந்தூர வேட்டையில் பசியடக்க ஹூடியா என்ற கள்ளி போன்ற செடியைத் தின்றவர்கள். அவர்களைக் கேட்காமலே அரசு ஆய்வு நிறுவனம் காப்புரிமை எடுத்தது. போராடி, 2003இல் பங்கு ஒப்பந்தம் வாங்கினார்கள். 2008இல் யூனிலீவர் கம்பெனி பாதுகாப்பும் பலனும் போதாது என்று கைவிட்டது. உரிமை வந்தது, மருந்து வரவில்லை. முதல் வழக்கில் ஜெயித்ததை இரண்டாவதற்குச் சாட்சியாக்குவதுதான் நம் மேடைகளின் பழக்கம்.

சித்தப்பா போன பிறகு வீட்டில் எல்லாரும் ரத்தம் கொடுத்தோம். அவருடைய மூத்த மகனுக்கும் இருந்தது. 2018இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மாத்திரை இலவசம். தினம் ஒன்று போடுகிறான். கிருமி மொத்தமாகப் போகாது, அடங்கியிருக்கும். போன பொங்கலுக்குப் போனபோது சித்தி அவனுக்கு மோரில் அரைத்த கீழாநெல்லி நீட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர்ட்ட சொன்னியாடா?" என்றேன்.

"அவரு எங்கண்ணே கேட்டாரு" என்றான்.