காயாத மூட்டைகள்

நிவாரண முகாமுக்கு வரும் பழந்துணியை எரிக்காமல், திருப்பி அனுப்பாமல், அங்கேயே பிரித்து வெட்டித் தைத்து வேறு பொருளாக்குவதே பேரிடர்க் காலத் துணி மறுசுழற்சி. படைகளுக்கு இது பழைய பழக்கம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் சேறு படிந்த கம்பளிச் சீருடைகள் இங்கிலாந்தின் டியூஸ்பரி நகருக்குப் போயின. ஒட்டுப்போடத் தக்கவை மறுபடி உடுப்பாயின. மற்றவை நாராகக் கிழிபட்டுப் புதுத் துணியாயின. பானிப்பட் ஆலைகளும் பழைய ஸ்வெட்டர்களை அப்படியே கிழித்து நூற்று நிவாரணப் போர்வை நெய்கின்றன. ஆனால் இலங்கையின் ஊவா மலையில், மடுல்சீமைப் பாதை மண்சரிவில் அறுந்துவிட்டால் கையில் மிஞ்சுவது கத்தரிக்கோலும் கால் தையல் மெஷினும்தான்.

அவ்வளவு போதும். 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கரையில் யாரும் உடுத்த விரும்பாத பழந்துணி தெருவோரம் குவிந்தது. ‘கூஞ்ச்’ அமைப்பு அதைச் சேகரித்துத் தரம் பிரித்துப் பயனுக்குக் கொண்டுவந்தது.

பிரிப்பதுதான் பாதி வேலை. ஒரு நூலைக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கருமணியாகச் சுருளும். பருத்தி குழந்தைத் துணிக்கும் மாதவிடாய்த் துணிக்கும் ஆகும். வழுக்கும் சேலை ஏணைக்கும் மறைப்புக்கும், தடித்த ஜீன்ஸ் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குக்கும் உதவும். தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு இதில் யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஊவாவில் சிக்கல் ஈரம்தான். மீரியபெத்தை மண்சரிவு 2014 அக்டோபர் 29இல் நேர்ந்தது. டித்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் வந்தது. இரண்டுமே வெயில் முகம் காட்டாத மாதங்கள். நனைந்த மூட்டையில் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். அதைவிட மோசம் மாதவிடாய்த் துணி: பத்துக் குடும்பம் படுக்கும் வகுப்பறையில் அதை எங்கே காயப்போடுவது? பாயின் அடியில் ஒளித்து வைத்து, அரை ஈரத்தோடு மறுபடி கட்டினால் அரிப்பும் புண்ணும்தான்.

துணியே வேண்டாம், காசு கொடுங்கள் என்பாரும் உண்டு. பாதையற்ற மலையில் அந்தக் காசுக்குக் கடை ஏது?

துணி காய வழி தேயிலைத் தொழிற்சாலையிலேயே உண்டு. அங்கே கொழுந்து வாட்டும் மாடியில் விசிறிக் காற்று கீழிருந்து மேலே வரும். கொதிநீரில் அலசிய துணியைப் பரப்ப அதைவிட நல்ல இடம் இல்லை. தேயிலையில் வாடை ஒட்டும் என்பதால் ஓடும் தொழிற்சாலையில் இது நடக்காது, மூடிக்கிடப்பதில் நடக்கும். அங்கே விசிறி இன்னும் சுழல்கிறதா என்று செப்டம்பரிலேயே பார்த்துவைக்க வேண்டும்.