துவண்டால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்!
கண்ணாடி பாட்டிலில் ஃபிட்டோனியா வளர்ப்பு

ஃபிட்டோனியாவுக்கு ஒரு குணம் உண்டு. மண் காய்ந்தால் இலைகள் துவண்டு படுத்துவிடும். தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். இதைப் பார்த்துப் பழகியவர்கள், செடி எப்போது துவண்டாலும் செம்பைத் தூக்குகிறார்கள். தொட்டியில் இது பரவாயில்லை. அடியில் துளையில்லாத கண்ணாடி பாட்டிலில் இதுவே செடிக்கு எமன். வேர் அழுகினாலும் இலை துவளத்தான் செய்யும்.

பெரு உள்ளிட்ட தென் அமெரிக்க நாடுகளின் மழைக்காடுகளில், மர நிழலில் தரையோடு படரும் சிறு செடி இது. ஈரக்காற்றும் மிதமான வெளிச்சமும் போதும் என்பதால், 'டெர்ரேரியம்' எனும் கண்ணாடித் தோட்டத்துக்கு ஏற்றது. உள்ளே ஆவியாகும் நீர், கண்ணாடியில் துளியாகப் படிந்து மண்ணுக்கே திரும்பும். லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, மூடிய பாட்டிலில் பெரணி முளைத்ததைக் கண்டு ஆராய்ந்து, 1842-ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

நடவு

அகன்ற வாய் பாட்டிலில் 2 செ.மீ உயரத்துக்குக் கூழாங்கல், அதன்மேல் மெல்லிய அடுக்காக மரக்கரித் துண்டுகள் போட வேண்டும். அதற்கு மேல், அலசிய தென்னை நார்க்கழிவுடன் ஆற்று மணலும், சலித்த மண்புழு உரம் கொஞ்சமும் கலந்து 5 செ.மீ நிரப்பலாம். 2, 3 கணுக்கள் உள்ள தண்டை நட்டால் கணுவில் வேர் பிடிக்கும். மண் நனையும் அளவு நீர் தெளித்து மூடினால் போதும். நேரடி வெயிலில் வைத்தால் செடி வெந்துவிடும்.

கண்ணாடி சொல்லும் கணக்கு

காலையில் பனி படிந்து மதியம் தெளிந்தால், ஈரம் சரி. நாள் முழுக்க நீர் வழிந்தால், மூடியைச் சில மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். பனியே இல்லை, மண்ணும் வெளிறியிருக்கிறது என்றால் மட்டும் நீர் தெளிக்கலாம். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால், அது அழுகல். நல்ல நுனியை வெட்டி, புதுக் கலவையில் நட்டுக் காப்பாற்றலாம். உதிர்ந்த இலைகளை உடனே எடுத்துவிட்டால் பூஞ்சணம் பரவாது.

விற்பனைக்குத் தயாரிப்பவர்கள், நட்டவுடன் விற்கக் கூடாது. வேர் பிடித்து, ஈரம் நிலைப்பட 3 வாரங்களாவது வைத்திருந்து கொடுப்பது நல்லது. கூடவே, 'பனி தெரிந்தால் தண்ணீர் வேண்டாம்' என்று ஒரு சீட்டும் ஒட்டுங்கள். செடி பிழைத்தால்தான் வாங்கியவர் மறுபடியும் வருவார்.