மாஜுலித் தீவு கற்பிக்கும் பாடம்

வெள்ளம் வந்தால் வடியும். வடிந்தபின் வண்டல் படிந்த வயலில் மீண்டும் ஏர் பூட்டலாம். ஆனால் வயலே ஆற்றோடு போய்விட்டால் உழவன் எங்கே ஏர் பூட்டுவான்? அஸ்ஸாம் மாநிலத்தில், பிரம்மபுத்திரா நதியின் நடுவே அமைந்துள்ள மாஜுலித் தீவின் மக்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடிவரும் கேள்வி இது. உழவையும் நெசவையும் நம்பி வாழும் மக்களாதலின், அவர்களுடைய அனுபவம் நமது சங்க அங்கத்தினர்கள் அறியத்தக்கது.

ஜோர்ஹாட் நகரை அடுத்த நிமாத்தித் துறையிலிருந்து படகேறி மாஜுலிக்குச் செல்வது நெடுங்கால வழக்கம். ஸ்ரீ சங்கரதேவர் பரப்பிய வைணவ நெறியைப் போற்றும் மடங்கள் பல அங்கே உள்ளன. 2016-ஆம் ஆண்டில் அத்தீவு தனி மாவட்டமாயிற்று. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 1,250 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் பரப்பில் இன்று எஞ்சியிருப்பது பாதிக்கும் குறைவே.

இவ்வழிவு விரைவுற்றதற்குப் பெருங்காரணம் 1950 ஆகஸ்டு 15-ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பம். 8.6 அளவுடைய அந்த அதிர்ச்சியால் மலைகள் சரிந்தன. மண்ணும் கல்லும் ஆறுகளை அடைந்தன. பிரம்மபுத்திராவின் படுகை மேடுற்றது. ஆழம் குறைந்த ஆறு அகலத்தைத் தேடிற்று, கரைகளைக் கரைக்கலாயிற்று. மாஜுலியின் கரையோ பெரும்பாலும் மணலும் வண்டலும். வெள்ளம் வடியுங்கால் அடிமண் நழுவி மேற்கரை இடிந்து விழும். எனவே நீர் ஏறும்போது மட்டுமன்று, இறங்கும்போதும் அங்கே அபாயம் உண்டு.

1954-ஆம் ஆண்டில் தேசிய வெள்ளத் தடுப்புத் திட்டம் தொடங்கியபின், அஸ்ஸாமில் மண்கரைகள் பல எழுப்பப்பட்டன. அவை பயன் தந்தன. எனினும் கரையின் அடியையே ஆறு அரிக்கும்போது அது நிற்பதெங்ஙனம்? உடைந்த கரையின் வழியே புகும் வெள்ளம் வயலில் மணலைக் குவித்துச் செல்கிறது. 2004-இல் தீவைக் காக்கும் பொறுப்பைப் பிரம்மபுத்திரா வாரியம் ஏற்றது. கான்கிரீட்டுக் கழிகளை முள்ளம்பன்றிபோல் பிணைத்து வரிசையாக ஆற்றில் இறக்கும் முறை கையாளப்பட்டது. இவை நீரைத் தடுப்பதில்லை. அதன் வேகத்தைத் தணித்து வண்டலைப் படியச் செய்கின்றன.

அரசின் பணி இவ்வாறிருக்க, மக்களின் முன்னேற்பாடும் கருதத்தக்கது. மிசிங் இன மக்கள் கால்கள் நாட்டிப் பரண்போல் உயர்த்திய வீடுகளில் வாழ்கின்றனர். வீட்டின் அடியில் உள்ள நிழலில் பெண்கள் தறியிட்டு நெய்கின்றனர். நீர் வருங்கால் நூலையும் துணியையும் மேலே ஏற்றிக்கொள்ளலாம். மழைநீர் முதலில் புகுவது குழித்தறியில்தான் என்பதை அறிந்த நம் நெசவாளருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். 2024-இல் மிசிங் கைத்தறித் துணிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலமிழந்த குடும்பத்துக்கும் கைத்தொழில் எஞ்சி நிற்கிறது.

உழவிலும் இத்தகைய அறிவு உண்டு. 'பாவ்' என்னும் அஸ்ஸாம் நெல், நீர் உயர உயரத் தானும் தண்டு நீட்டி வளர்வது. ஜோர்ஹாட்டிலுள்ள அஸ்ஸாம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த 'கீதேஷ்', 'பிரபுல்லா' ஆகிய நெல் வகைகளின் நாற்று, அறுபது நாள் முதிர்ந்தாலும் நடுவதற்கு ஏற்றது. வெள்ளம் வடியும்வரை காத்திருக்கும் நாற்று என்றே இவற்றைச் சொல்லலாம். மேட்டு நிலத்தில் பலர் சேர்ந்து நாற்றங்கால் இட்டால், பயிரிழந்தவன் அவ்வாண்டே மீண்டும் நடலாம்.

ஆனால் நிலத்தையே இழந்தவனுக்கு நாற்றால் ஆவதென்ன? வெள்ளத்துக்கு நிவாரணம் வழங்கிய விதிகளில் அரிப்புக்கு நெடுங்காலம் இடமில்லை. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரை செய்த பதினைந்தாவது நிதிக் குழுதான், அரிப்பால் இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்தத் தனி நிதி வேண்டுமென்றது. நிவாரணம் ஒரு மாதத்துப் பசியை ஆற்றும். வாழ்வை மீட்பது மாற்று நிலமும் தொழிலும் ஆகும்.

ஆற்றோரச் சங்கங்கள் இதிலிருந்து கொள்ளத்தக்கவை மூன்று. நூற்கிடங்கின் தளம் கடந்த வெள்ளக் குறிக்கு மேல் இருத்தல் வேண்டும். விதையில் ஒரு பங்கு மேட்டு ஊரில் பொதுச் சேமிப்பாக இருத்தல் வேண்டும். அங்கத்தினரின் நிலம், தறி பற்றிய பதிவேட்டின் பிரதி ஒன்று வேற்றூரில் பத்திரமாக இருத்தல் வேண்டும். நிலம் போனபின் அதற்குச் சாட்சி அவ்வேடே. இம்மூன்றையும் தனியொருவன் செய்வது அரிது, சங்கத்துக்கு எளிது. மழைக்கு முன் கூடும் பொதுக்கூட்டத்திலேயே இவற்றை முடிவு செய்தல் நலம்.