நீக்கமும் மீட்பும்

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் இன்று பல துணிக்கடைகளின் சரக்குப் பதிவேடு கணினியில் உள்ளது. விற்றுத் தீர்ந்த சேலையின் பதிவை அதிலிருந்து நீக்கினால், பழைய விற்பனைச் சீட்டுகள் எச்சரக்கைச் சுட்டும்?

இலக்கணத்தை நோக்குவோம். ‘பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ உருபு மறைந்து நிற்கிறது. விரித்தால் ‘பாலைக் குடித்தான்’ என வரும். இது தொகை. பல மென்பொருள்களின் நீக்கமும் இத்தகையதே. பதிவு அழிவதில்லை, ‘நீக்கப்பட்டது’ என்னும் குறி பெற்றுப் பட்டியலில் மறைகிறது. குறியை எடுத்தால் மீள்கிறது. பழைய சீட்டும் தொடர்பிழப்பதில்லை.

முற்ற அழித்தலோ வேறு. காப்புப்படி இல்லையேல் மீட்பில்லை. மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமோ வணிகக் கணக்குகளை 7 ஆண்டுகள் காக்கப் பணிக்கிறது. ஆதலின், தம் மென்பொருளின் நீக்கம் எவ்வகையது என்பதைக் கடைக்காரர் முன்னரே கேட்டறிதல் நன்று.