கழுத்தில் மறைந்த நான்கு மணிகள்

நம்மனைய மாணவரொருவர் கண்ட பொருளைப்பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். சுவீடன் தேயத்து உப்சாலா நகரில் மருத்துவம் பயின்ற ஐவர் சாண்ட்ஸ்ட்ராம் என்பார், மாந்தர் கழுத்தில் தைராய்டுச் சுரப்பியின் பின்னே அரிசியளவினவாய்ச் சில சுரப்பிகள் மறைந்திருத்தலைக் கண்டு, 1880-ஆம் ஆண்டில் அச்செய்தியை வெளியிட்டார். பாராதைராய்டு எனப்படும் அவை பெரும்பாலார்க்கு நான்கு. அவற்றின் தொழில் யாதென அந்நாளில் ஒருவரும் அறிந்திலர்.

இரத்தத்திலுள்ள சுண்ணச்சத்தைக் காத்தலே அத்தொழில். அச்சத்துச் சிறிது குறையினும் அவை ஒரு சுரப்புநீரை விடுக்கும். அந்நீர் எலும்பாகிய பண்டாரத்தினின்றும் சுண்ணத்தை எடுத்து இரத்தத்திற் சேர்ப்பிக்கும்.

சிறுநீரகங்கள் செயலற்றவிடத்து இவ்வொழுங்கு கெடுகின்றது. பாஸ்பேட்டு என்னும் உப்புக் கழியாது தேங்கும். வைட்டமின் டி செயல்வடிவு பெறாது. ஆதலின் சுண்ணச்சத்துக் குறையும். டயாலிசிஸ் இயந்திரம் இரத்தத்தைத் தூய்மை செய்யுமேனும் இக்குறைகளை முற்றுந் தீர்க்க வல்லதன்று. சுரப்பிகளோ ஓயாது உழைத்துப் பருக்கின்றன. நாளடைவில், போதுமென்னும் குறிப்பிற்கும் அடங்காவாகின்றன. எலும்பு நொய்ந்து முறியும், தோல் தினவெடுக்கும், இரத்தக் குழாய்களிற் சுண்ணம் படியும்.

முதலில் மருந்தே கொடுப்பர். 2004-இல் வழக்கிற்கு வந்த சினகால்செட் அத்தகையதொன்று. அதற்கும் அடங்காவிடின் இரண சிகிச்சையே வழி. மருத்துவர் கழுத்தைத் திறந்து, குரல்நரம்பிற்கு ஊறு நேராவண்ணம் நான்கு சுரப்பிகளையும் தேடிக் காண்பர். பெரிதும் வழங்கும் முறைகள் இரண்டு. ஒன்றில், மூன்றரைச் சுரப்பிகளை நீக்கி எஞ்சியதை விட்டுவைப்பர். மற்றொன்றில், நான்கையும் நீக்கி, சில துணுக்குகளை முன்கைத் தசையிற் பதிப்பர். அத்துணுக்குகள் மீண்டும் பருப்பின், கழுத்தைத் திறவாது கையிலேயே அவற்றைக் குறைக்கலாமன்றோ?

அறுத்தவுடன் இடர் தீர்ந்ததென எண்ணற்க. நெடுநாள் கொள்ளையுண்ட எலும்பு, பசித்தவன் சோற்றை அள்ளுதல்போல, இரத்தத்துச் சுண்ணத்தை விரைந்து கவரும். மருத்துவரும் இந்நிலையைப் 'பசித்த எலும்பு' என்றே வழங்குவர். கைகால் இழுப்பு உண்டாகாவண்ணம் சுண்ணச்சத்தும் வைட்டமின் டியும் பல நாள் ஊட்டுதல் வேண்டும்.

எத்துணை விடுவது என்பதே ஈண்டுப் பெரிய வினா. மிகுதியாக விடின் நோய் மீளும். மிகக் குறைப்பின் நோயாளி வாழ்நாளெல்லாம் சுண்ணச்சத்துக் குறைவால் வருந்துதல் கூடும். எனவே ஏறக்குறைய 50 மில்லிகிராம், அஃதாவது நோயற்ற ஒரு சுரப்பியின் அளவே, விடத்தக்கதென்பர். தன் கடமையை அளவு கடந்து செய்ததே அச்சுரப்பியின் குற்றம். அக்கடமை இன்றியோ உடல் வாழாது. ஆதலின், அதனை ஒறுக்கும் கையே அதில் ஒரு துணுக்கைப் பேணியும் வைக்கின்றது.