உஷார்! புதுவருடக் கோழி லயத்துக்கு ஏறுகிறது

பங்குனி பிறந்துவிட்டது. பின்னேர மழை விழத் தொடங்கியதும் காம்பராவுக்குப் பின்னால் போஞ்சி கம்பேறும். அடை எழும்பிய கோழி குஞ்சுகளோடு கீரைப் பாத்தியைக் கிளறும். பிள்ளைகள் குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு திரிவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருடப் பிறப்புக் கறிக்கு, மாரியம்மன் திருவிழா விருந்துக்கு, முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்கு என்று பதுளை, பசறை, வெலிமடைப் பக்கங்களிலிருந்து உயிர்க்கோழி தோட்டத்துக்கு ஏறுவதும் இந்த மாதங்களில்தான்.

கோழியோடு ராணிக்கெட்டும் ஏறலாம். உஷார்!

வெள்ளைக் கழிச்சல் என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தலைகாட்டிய இந்த வைரஸ் நோயைக் குணப்படுத்த இன்றுவரை மருந்து கிடையாது. கடுமையான வகை வந்துவிட்டால், தடுப்பு மருந்து போடாத கூட்டில் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். கிருமி தொற்றிய பிறகும் இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கோழி ஒன்றும் தெரியாமல் மேயும். சந்தையில் கொக்கரித்து நின்ற சேவல்தானே என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

நோய் வெளியே தெரியும்போது கோழி இறக்கையைத் தொங்கப் போட்டு மூலையில் நிற்கும். வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணியாய்ப் போகும். சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப் பக்கம் திரும்பிவிடும்.

அந்த நேரத்தில் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு குரல் வரும்: "அக்கா, கோழி தூங்கி விழுதே, சாகுறதுக்குள்ள அறுத்துடுங்க." அங்கேதான் தப்பு நடக்கிறது. நன்றாகச் சமைத்தால் கிருமி செத்துவிடும், உண்மைதான். ஆனால் பீலியடியில் கழுவிய இரத்தமும், கானில் எறிந்த குடலும் இறகும் எங்கே போகும்? மேட்டு லயத்துக் கான் தண்ணி பள்ளத்து லயத்துக்குத்தான் இறங்கும். அங்கே இருக்கிற கோழி அதைக் கொத்தும். அறுத்தவர் போட்டிருந்த செருப்பும் பிடித்த கத்தியும் போதும், அடுத்த கூட்டுக்கு நோயைக் கொண்டுபோக.

தனி வீடென்றால் வேலி அடைத்துக் காப்பாற்றலாம். பத்துப் பன்னிரண்டு காம்பரா ஒட்டி நிற்கிற லயத்தில் கூடு தனித்தனி, மேய்ச்சல் ஒன்று. ஒரு வீட்டில் விழுந்தால் லயம் முழுக்க விழும். மேலே தேயிலை மலை, கீழே கான், நடுவில் பின்வாசல் மண் கொஞ்சம். மேய அதை விட்டால் கோழிக்கு வேறு இடமில்லை.

கோழிதானே போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. 2023இல் முட்டைத் தட்டுப்பாடு முற்றி இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்ததே, மறந்துவிட்டதா? கடையில் முட்டை எட்டாத நாட்களில் பிள்ளையின் தட்டில் முட்டை வைத்தது பின்வாசல் கோழிதான்.

தடுப்பு மருந்து இருக்கிறது. குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு விடுவார்கள், வளர்ந்த கோழிக்கு ஊசி போடுவார்கள். அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் ஒன்று: மருந்துக் குப்பி பொதுவாக நூறு கோழிக்குக் குறையாத அளவில்தான் வரும். குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வீட்டுக்கு ஐந்து கோழி என்றால் ஒரு குப்பிக்கு இருபது வீடு தேவை. தனியாளாகப் போய் ஐந்து கோழிக்குக் கேட்டால் வைத்தியருக்கும் சங்கடம், உங்களுக்கும் வீண் அலைச்சல். லயமே சேர்ந்து ஒரே நாளில் போட்டால்தான் காரியம் நடக்கும். போட்ட அன்றே காப்பு வந்துவிடாது, இரண்டு வாரமாவது எடுக்கும். சித்திரை முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், அவகாசம் எவ்வளவு குறைவென்று தெரியும்.

அதுவரை:

புதிதாக வாங்கிய வளர்ப்புக் கோழியை இரண்டு வாரம் தனியே அடையுங்கள். அதற்குத் தீனி, தண்ணி கடைசியாக வையுங்கள்.

கறிக்கு வாங்கியதைக் காலைக் கட்டிக் கூட்டோரம் போடாதீர்கள். வந்த அன்றே அறுத்து, கழிவைப் புதையுங்கள்.

செத்த கோழியைக் கானிலும் எருக்குழியிலும் போட வேண்டாம். பீலிக்குத் தூரமாக ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள். இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் செத்தால் உடனே மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

பச்சைக் கோழி எருவைக் கீரைக்கும் வல்லாரைக்கும் போடாதீர்கள். நோய் வந்த கூட்டு எருவில் ராணிக்கெட் கிருமி வாரக்கணக்கில் தங்கும். நோயில்லாத கோழியின் எருவிலும் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லா இருக்கலாம். சில மாதம் நன்றாக மக்கவிடுங்கள். குஞ்சைத் தூக்கிய பிள்ளை சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

இருபது வீட்டை யார் ஒன்று சேர்ப்பது? திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்க்கிற கோவில் கமிட்டி இருக்கிறதே! லயத்தின் பெயர்க் கணக்கு அவர்கள் கொப்பியில் ஏற்கெனவே இருக்கும். காசு வாங்க வரும்போதே பெயருக்குப் பக்கத்தில் கோழிக் கணக்கையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு இந்தக் கிழமையே இரண்டு பேர் மிருக வைத்தியரிடம் போங்கள். சந்தைக்கு அதற்குப் பிறகு போகலாம்.