எர்த் இருக்கிறது, அது போதுமா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

மீட்டர் பெட்டியிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்குகிறதா என்பதை யாரும் பார்த்துவிடலாம். பழுது வரும்போது அந்த மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளுமா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதை எப்படிச் சோதிப்பது? மக்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இதோ.

கேள்வி: வீட்டில் எர்த் போட்டிருக்கிறோம். ஆனாலும் ஃபிரிட்ஜைத் தொட்டால் 'சுர்' என்கிறது. ஏன்?

எர்த் எங்கோ அறுந்திருக்கலாம். பிளக்கின் பெரிய பின்னில் தொடங்கி சாக்கெட், சுவருக்குள் போகும் பச்சை ஒயர், மெயின் போர்டு, வெளியே இறங்கும் கம்பி, குழியில் உள்ள குழாய் என்று வழி நீள்கிறது. இதில் அதிகம் கெடும் இடம் குழாயில் கம்பியை முறுக்கியிருக்கும் கிளாம்பு. உப்பும் ஈரமும் சேர்ந்து அதைத் துருப்பிடிக்க வைத்துவிடும். 'லேசாகத்தானே அடிக்கிறது' என்று விடாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டார் ஒயர்மேன். பிரகாசமாக எரிந்தது. 'எர்த் பக்கா' என்கிறார். நம்பலாமா?

எர்த் முழுவதுமாக அறுந்துவிடவில்லை என்பது வரை நம்பலாம், அதற்கு மேல் வேண்டாம். அந்த பல்பு எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் பல்புக்குச் சுமார் 210 வோல்ட் கிடைத்துவிடும். வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இதில் ஆபத்தும் உண்டு. குழிக்குப் போகும் கம்பி அறுந்திருந்தால், பல்பு வழியாக வரும் கரன்ட் வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களின் உடலிலும் ஏறி நிற்கும். இந்தச் சோதனையை நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் காட்டுகிறதே?

மல்டிமீட்டர் எடுக்கும் மின்னோட்டம் பல்பைவிட மிகமிகக் குறைவு. மோசமான எர்த்திலும் அது 230 காட்டும். ஆனால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பார்ப்பதில் பயன் உண்டு. வழக்கமாக ஓரிரு வோல்ட் இருக்கும். பத்துக்கணக்கில் காட்டினால் நியூட்ரலிலோ எர்த்திலோ கோளாறு இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் சரியான சோதனை எது?

எர்த் மெகர் எனப்படும் எர்த் டெஸ்டரால் அளப்பது. முதலில் மெயினை நிறுத்தி, குழியில் உள்ள குழாயிலிருந்து எர்த் கம்பியைக் கழற்ற வேண்டும். பிறகு ஒரே நேர்கோட்டில் இரண்டு சிறு கம்பிகளை மண்ணில் அடிப்பார்கள். தூரத்துக் கம்பி 30 மீட்டரில் என்றால், நடுக்கம்பி 18, 19 மீட்டரில் இருக்கும். நடுக்கம்பியை முன்னும் பின்னும் சில மீட்டர் நகர்த்தி மொத்தம் மூன்று முறை அளக்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். ஒரே முறை அளந்துவிட்டு மீட்டரைப் பையில் வைப்பவரிடம் மற்ற இரண்டையும் கேளுங்கள். சென்னை போன்ற நகரங்களில் 30 மீட்டர் வெற்று மண்ணுக்கு எங்கே போவது? அங்கே சாக்கெட்டில் சொருகி அளக்கும் லூப் டெஸ்டர் உதவும். சோதனை முடிந்ததும் எர்த் கம்பியைத் திரும்ப மாட்டிய பிறகே மெயினைப் போட வேண்டும்.

கேள்வி: எத்தனை ஓம் இருக்க வேண்டும்? 5 என்கிறார்கள்.

5 ஓம் நல்ல இலக்கு. எல்லா மண்ணிலும் அது கிடைக்காது. எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043, குழாய் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்கிறது. 40 மி.மீ. விட்டமுள்ள அத்தகைய குழாயை ஈரக் களிமண்ணில் இறக்கினால் சுமார் 7 ஓம் வரலாம். சாதாரண மண்ணில் 35 ஓம், கிருஷ்ணகிரி பக்கத்துப் பாறை நிலத்தில் 175 ஓம்கூட வரலாம். குறைக்க வேண்டுமானால் இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைக்கலாம். ஆனால் முதல் குழியிலிருந்து 5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். பக்கத்திலேயே தோண்டினால் செலவுதான் இரட்டிப்பாகும்.

கேள்வி: 35 ஓம் இருந்தால் என்ன? பழுது வந்தால் எம்சிபி விழுந்துவிடாதா?

விழாது. இதுதான் பலரும் கவனிக்காத இடம். 230 வோல்ட்டை 35 ஓமால் வகுத்தால் 6.6 ஆம்பியர்தான் வரும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு. விளைவு, பழுதான கீசரின் உடலில் மட்டுமல்ல, ஒரே எர்த் ஒயரில் சேர்ந்திருக்கும் வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றின் உடலிலும் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 5 ஓம் என்றாலும் 46 ஆம்பியருக்கு மேல் போகாது. எம்சிபி உடனே விழ அது போதாது.

அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். பேஸில் போன கரன்ட் நியூட்ரலில் திரும்பாமல் அந்த அளவுக்குக் கசிந்தாலே அது விழுந்துவிடும். அதற்கு 175 ஓம் எர்த்தே போதும். அந்தக் கசிவில் சாதனத்தின் உடலில் 5 வோல்ட்தான் ஏறும்.

கேள்வி: அப்படியென்றால் ஆர்சிசிபி மட்டும் போதுமே, எர்த் எதற்கு?

எர்த் இல்லாத வீட்டில் கசிவுக்குப் போக வழி கிடையாது. ஒருவர் கை வைத்த பிறகுதான், அவர் உடல் வழியாகக் கரன்ட் பாய்ந்த பிறகுதான் ஆர்சிசிபி விழும். எர்த் இருந்தால் யாரும் தொடுமுன்பே விழுந்துவிடும். ஆர்சிசிபியில் உள்ள 'டி' பட்டனை அழுத்தினால் விழுகிறது என்பதை வைத்து எர்த் சரி என்று நினைக்கவும் வேண்டாம். அந்தப் பட்டன் கருவியை மட்டுமே சோதிக்கிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும்.

கேள்வி: எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையே எர்த் பின்னில் இணைக்கிறார்கள். தண்ணீர்க் குழாயிலும் கட்டுகிறார்கள். சரியா?

இரண்டும் கூடாது. நியூட்ரல் அறுந்தால், சுவிட்ச் போட்டிருக்கும் சாதனத்தின் வழியே வரும் பேஸ், எர்த் பின் சேர்ந்த எல்லா உடல்களுக்கும் வந்துவிடும். தண்ணீர்க் குழாயில் எங்கேயாவது ஒரு துண்டை பிவிசியாக மாற்றிவிட்டால் எர்த் அங்கேயே முடிந்துவிடும்; மிச்சமிருக்கும் இரும்புக் குழாயோடு போய்ச் சேரும் பாத்ரூம் டேப்பில் கரன்ட் இருக்கும்.

கேள்வி: எப்போது, எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது?

மழைக்காலத்தில் எந்த எர்த்தும் நன்றாகத்தான் தெரியும். அக்னி நட்சத்திர வெயிலில் மண் காய்ந்திருக்கும்போது அளப்பதுதான் உண்மையான சோதனை. குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு அளக்கச் சம்மதிக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்து அளந்து, தேதியையும் ஓம் அளவையும் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். சென்ற ஆண்டு 8 என்றிருந்தது இந்த ஆண்டு 30 ஆகியிருந்தால், புதுக் குழி தோண்டும் முன் கிளாம்பைக் கழற்றித் துருவைத் தேய்த்துவிட்டு இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள்.